பல்சக்கரத்திற்கு ஏற்ற எண்ணெய் எது?

நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவாக அமைந்த கருவிகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று பல்சக்கரம். ஒரு திசையில் சுழலவிட்டு, மறு திசையில் சுழலாது தடுத்து நிறுத்தும் இவ்வமைப்பு சட்டத்தறியின் படமரத்தில் இருக்கின்றது. எஞ்சினின் போல்ட்டு நட்டுகளைத் திருகும் ராட்செட் ஸ்பானரின் தலைக்குள் இருக்கின்றது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும் சங்கிலிக் கப்பியிலும் இருக்கின்றது. உருவில் வேறுபட்டாலும் இம்மூன்றும் செய்யும் வேலை ஒன்றே.

இதற்கு எவ்வெண்ணெய் இடுவது என்பது சிறு வினாவாகத் தோன்றலாம். வீட்டில் எது இருக்கின்றதோ அதை ஊற்றினால் போதும் எனக் கருதுவோர் பலர். ஆனால் தவறான எண்ணெயால் பல்சக்கரம் வழுக்குமாயின் தறியில் பாவின் விறைப்புக் குலைந்து துணியில் கோடு விழும். ஸ்பானர் பிடித்த கை இரும்பில் மோதும். கப்பியில் தொங்கும் பாரம் கீழே விழும். எண்ணெய் துணியில் பட்டாலோ பல நாள் உழைப்பு இரண்டாந்தரமாகிவிடும். ஆதலின் இச்சிறு வினாவை நாம் சற்று விரிவாகவே ஆராய்தல் நலம்.

பல்லும் நாக்கும்

பல்சக்கர அமைப்பில் இன்றியமையாத உறுப்புகள் மூன்று. சாய்வான பற்களையுடைய சக்கரம் ஒன்று. அப்பற்களில் விழுந்து தடுக்கும் நாக்கு மற்றொன்று. நாக்கைப் பல்லின்மேல் அழுத்தி வைக்கும் சுருள்வில் மூன்றாவது. தறிகளில் பெரும்பாலும் வில் இராது, நாக்கின் எடையே அவ்வேலையைச் செய்யும். சக்கரம் ஒரு பக்கமாகச் சுழலும்போது நாக்கு ஒவ்வொரு பல்லின் முதுகிலும் ஏறி, ‘டக்’ என்னும் ஓசையோடு அடுத்த பள்ளத்தில் விழும். எதிர்ப்பக்கம் திரும்ப முயன்றால் நாக்கு பல்லின் நேர்முகத்தில் முட்டி நின்றுவிடும்.

இங்கே கருத்தில் இருத்த வேண்டியது ஒன்று. பாரத்தைத் தாங்குவது எண்ணெய் அன்று. பல்லின் அடிவரையில் சென்று அமர்ந்த நாக்கேயாகும். எண்ணெயின் கடமை, நாக்கு தன் ஆணியைச் சுற்றித் தடையின்றி அசையவும், பல்லின் முதுகு தேயாதிருக்கவும், இரும்பில் துரு ஏறாதிருக்கவும் உதவுவது மட்டுமே. நாக்கு பள்ளத்தில் முழுமையாக விழுவதற்கு எந்த எண்ணெய் இடையூறு செய்யாதோ அதுவே நல்ல எண்ணெய். இதனை அளவுகோலாகக் கொண்டால் எஞ்சியவை யாவும் எளிதில் விளங்கும்.

நாக்கு பாதியளவே விழுந்தால் பாரம் முழுவதும் பல்லின் நுனியில் தங்கும். நுனி மழுங்கும், மழுங்கிய நுனியில் நாக்கு மேலும் வழுக்கும். 24 பற்களையுடைய ராட்செட் ஸ்பானர் 15 பாகைக்கு ஒருமுறை பிடிக்கும். 72 பற்களையுடையது 5 பாகைக்கு ஒருமுறை பிடிக்கும். இடுக்கான இடத்தில் கையைச் சிறிதே அசைத்து வேலை செய்ய இரண்டாவதே வசதி. ஆனால் பற்கள் பெருகப் பெருக ஒவ்வொரு பல்லின் ஆழமும் குறைகின்றது. ஆழம் குறைந்த பல்லில் கெட்டியான பசையைத் திணித்தால் நாக்கு அமர இடமேது?

கடற்கரையின் தனிக் குறை

காரைக்கால் வங்கக் கடலோரத்தில் அமைந்த ஊர். அரசலாறு கடலில் கலக்கும் இப்பகுதியில் காற்றோடு உப்பும் வருகின்றது. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தவுடன் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். இரும்பின்மேல் படிந்த உப்புத்தூள் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேலையின்றிக் கிடந்த தறியின் பல்சக்கரம் சில நாட்களிலேயே சிவந்து போவதற்குக் காரணம் இதுவே. உள்நாட்டு ஊரொன்றில் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் இட்டுச் சமாளிக்கலாம். கடலோரத்தில் அது போதாது.

அடுக்களை எண்ணெய்கள்

நம் வீடுகளில் எளிதில் கிடைப்பவை தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவை. இவை இட்டவுடன் நன்றாகவே வேலை செய்யும். குறை பின்னரே தெரியும்.

தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று நாளடைவில் கெட்டிப்படும் இயல்புடையவை. இவ்வியல்பை அளப்பதற்கு அயோடின் எண் என்னும் கணக்கு உண்டு. வண்ணப்பூச்சுக்கு உதவும் ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170க்கு மேற்பட்டது. ஆகவே அது காய்ந்து தோல்போல் ஆகிவிடுகின்றது. நல்லெண்ணெயின் எண் 100க்கும் 120க்கும் இடைப்பட்டது. அது முழுவதும் காயாது, ஆனால் பிசினாகும். விளக்கின் அடியில் வழிந்த எண்ணெய் சில வாரங்களில் விரலில் ஒட்டும் பசையாவதைக் காணாதார் இலர். அதே பசை நாக்கின் ஆணியில் உண்டாகும்போது நாக்கு எழுந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றது.

தேங்காய் எண்ணெயின் அயோடின் எண் 10ஐ ஒட்டியதே. அது பிசினாவதில்லை. எனினும் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நம் ஊரிலும் குப்பியில் அது வெண்மையாக உறைந்திருப்பதைக் காண்கிறோம். மேலும் நாட்பட்டுச் சிக்குப் பிடிக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் பித்தளை உறுப்புகளைப் பற்றிப் பச்சைக் களிம்பை உண்டாக்கும்.

ஆமணக்கெண்ணெய்க்கு எந்திர உலகில் நற்பெயர் உண்டு. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு அதுவே இடப்பட்டது. 1909ஆம் ஆண்டில் வேக்ஃபீல்டு நிறுவனம் தன் எண்ணெய்க்குச் சூட்டிய காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அவ்வெண்ணெய் மிகவும் கெட்டியானது. வேகமாகச் சுழன்று சூடேறும் எஞ்சினுக்கு ஏற்ற குணம், மெல்ல விழுந்தெழும் நாக்குக்கு ஏற்றதன்று. வண்டியின் மர அச்சுக்கு அது நன்று, பல்சக்கரத்திற்கு அன்று.

வடித்துவிட்ட எஞ்சின் எண்ணெய்

பணம் செலவில்லாமல் கிடைப்பது என்னும் ஒரே காரணத்தால், டிராக்டரிலிருந்தும் இருசக்கர வண்டியிலிருந்தும் வடித்த கறுப்பு எண்ணெயைக் கருவிகளுக்கு இடும் வழக்கம் பரவியிருக்கின்றது. இதனை அறவே கைவிட வேண்டும். தேய்ந்த உலோகத்தின் நுண்பொடியும், எரிந்த கரியும், அமிலமும் அதில் கலந்துள்ளன. பொடி பல்லைத் தேய்க்கும். அமிலம் இரும்பை அரிக்கும். கரி துணியில் படின் எவ்வளவு வெளுத்தாலும் முற்றும் நீங்காது.

உடல் நலத்திற்கும் அது கேடு. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் மியூல் என்னும் நூற்பு எந்திரத்தில் பணி செய்தோருக்குத் தோல் புற்றுநோய் மிகுதியாக வருவதை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1922ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கதிர்களிலிருந்து தெறித்த சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் உடையில் ஊறி, நாள்தோறும் தோலில் பட்டதே காரணமெனத் தெளிவாயிற்று. 1953ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, அக்கதிர்களுக்கு நன்கு சுத்திகரித்த வெள்ளை எண்ணெயோ, தாவர, விலங்கு எண்ணெய்களோ மட்டுமே இடவேண்டுமென விதி செய்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகுப்பில் வைத்துள்ளது. நம்மைப் போன்ற நெசவுத் தொழிலாளர் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் இது. அதை நாம் மீண்டும் விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

கிரீஸ் எப்போது?

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் ஊறவைத்த பசையேயாகும். சோடியம் சோப்பால் செய்த கிரீஸ் நீர் பட்டால் கரைந்துபோகும். கடலோரத்திற்கு அது ஆகாது. கால்சியம் கிரீஸ் நீரைத் தாங்கும். லித்தியம் கிரீஸ் நீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். இன்று கடைகளில் பல்நோக்கு கிரீஸ் என விற்பவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

கிரீஸின் நற்குணம், இட்ட இடத்தில் நிலைத்து நிற்பது. அதன் குறையும் அதுவே. தறியின் பக்கத்தில் பஞ்சுத் தூசி ஓயாது பறக்கின்றது. கஞ்சி ஏற்றிய பாவிலிருந்து மாவுப்பொடி உதிர்கின்றது. இவ்விரண்டும் கிரீஸில் ஒட்டிக் கம்பளித் துண்டுபோல் திரண்டு பல்லின் பள்ளத்தை அடைத்துவிடும். நாக்கு அதன்மேல் அமர்ந்து, விழுந்துவிட்டதுபோல் தோற்றமளிக்கும். ஓங்கி அடித்தவுடன் வழுக்கும். ஆகவே திறந்த பல்சக்கரத்திற்குக் கிரீஸ் இடலாகாது. மூடிய தலையையுடைய கருவிக்கு மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக, இடலாம்.

பென்சில் கரித்தூளாகிய கிராஃபைட்டைச் சிலர் பரிந்துரைப்பர். பூட்டுக்கு அது நன்று. ஆனால் துணியைக் கறுக்கச் செய்யும். உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பின் அரிப்பை விரைவுபடுத்தவும் செய்யும். நமக்கு அது ஏற்றதன்று.

தெளிப்பான் குப்பிகள்

தகரக் குப்பியில் அடைத்துத் தெளிக்கும் திரவங்கள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. இவற்றுள் பெயர்பெற்ற டபிள்யூ.டி. 40 என்பது 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருவானது. நீரை விலக்குவதற்காக நாற்பதாம் முறை செய்த முயற்சியில் கிடைத்தது என்பதே அப்பெயரின் பொருள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடியாமல் காப்பதற்கு அது முதலில் பயன்பட்டது. எனவே ஈரத்தை வெளியேற்றவும், இறுகிய நாக்கை இளக்கவும் அது சிறந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சுவது மிக மெல்லிய படலமே. அதனைத் தெளித்துவிட்டு எண்ணெய் இட்டாயிற்று என எண்ணி இருத்தல் கூடாது. அதற்குப் பின் முறையான எண்ணெயையும் இட வேண்டும்.

நாம் தேர்ந்தெடுக்க வேண்டியவை

தறிக்கு: தையல் எந்திரத்திற்கு இடும் நிறமற்ற மெல்லிய எண்ணெயே ஏற்றது. எண்ணெயின் தடிமனை 40 பாகை வெப்பத்தில் அளந்து எண்ணால் குறிக்கும் உலக வழக்கு உண்டு. எண் பெருகத் தடிமனும் பெருகும். தையல் எந்திர எண்ணெயும், நூற்பாலைகளில் வழங்கும் ஸ்பிண்டில் எண்ணெயும் 10 முதல் 22 வரையிலான தரத்தைச் சார்ந்தவை. வண்டிகளின் எஞ்சின் எண்ணெயோ பெரும்பாலும் இவற்றைவிடத் தடித்தது. மெல்லிய வெள்ளை எண்ணெய் பிசினாகாது, உறையாது, நிறமும் இல்லை. துணியில் ஒரு துளி பட்டாலும் உடனே சோப்பிட்டு வெளுத்தால் நீங்க வழியுண்டு. தாவர எண்ணெயின் கறையோ நாட்பட மஞ்சளாகி இழையோடு இறுகிவிடும். நமக்கு அண்மையிலுள்ள மயிலாடுதுறைக் கூறைநாட்டின் கூறைப்புடவை மணமகளுக்கு உரியது. அதில் ஒரு மஞ்சட் புள்ளியை எவர் ஏற்பர்?

பழைய குழித்தறிகளில் படமரத்தின் துளையில் கம்பியைச் செருகி நிறுத்துவதுண்டு. அங்கே மரமும் கம்பியுமே உராய்வதால் எண்ணெய் வேண்டா. மரம் எண்ணெயை உறிஞ்சி ஊதும். பின்னர்த் துணியில் கக்கும். சிறிது மெழுகு தேய்த்தல் போதும்.

ராட்செட் ஸ்பானருக்கு: பற்கள் நெருங்கியதாயின் மேற்கூறிய மெல்லிய எண்ணெயில் இரண்டு துளி இடலாம். பற்கள் பெரியனவாயின், பல்லின் வடிவம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக லித்தியம் கிரீஸ் பூசலாம். பூசியபின் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் தெளிவான ஓசை எழுந்தால் நன்று. ஓசை மழுங்கினால் கிரீஸ் மிகுதி, துடைத்தெடுக்க வேண்டும்.

சங்கிலிக் கப்பிக்கு: இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இக்கப்பிகள் பலவற்றில் பாரத்தைத் தாங்குவது பல்சக்கரமும் அதனோடு இணைந்த உராய்வுத் தட்டுகளும் ஆகும். நாக்கின் ஆணிக்கு ஒரு துளி எண்ணெய் இடலாம். சங்கிலிக்கும் எண்ணெய் இடலாம். ஆனால் உராய்வுத் தட்டில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. பட்டால் தடுப்பு நழுவி, தொங்கும் மோட்டார் கீழே நிற்பவர்மேல் விழும். உள்ளே திறந்து எண்ணெய் இடுவதைப் பயின்ற பணியாளரிடமே விட வேண்டும். தயாரித்தோர் தந்த குறிப்புக்கு மாறாக எதுவும் செய்தல் ஆகாது. தெளிப்பான் குப்பியைக் கப்பியின்மேல் பொதுவாகப் பீச்சுவது பெருந்தவறு.

இடும் முறை

பழைய பசையின்மேல் புதிய எண்ணெய் இடுவது பயனற்றது. முதலில் கம்பித் தூரிகையால் பஞ்சையும் மாவையும் நீக்குக. பின்னர் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து, நாக்கைக் கையால் தூக்கி விட்டுப் பார்க்க. அது தானே பள்ளத்தில் விழ வேண்டும். பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது; அதன் ஆவி எங்கோ எரியும் அடுப்பிலிருந்தும் தீப்பற்றும். நன்கு உலர்ந்தபின் நாக்கின் ஆணிக்கு ஒரு துளி, பற்களின்மேல் எண்ணெய் நனைத்த துணியால் ஓர் ஒற்றல், அவ்வளவே. வழியும் எண்ணெய் வீண் எண்ணெய்.

தறியில் இதனை மாலையில், வேலை முடிந்தபின் செய்க. படமரத்திலுள்ள துணியைப் பழந்துணியால் மூடிவிட்டே எண்ணெயைத் திறக்க வேண்டும். மறுநாள் காலையில் மிகுதியைத் துடைத்துவிட்டுக் கையையும் கழுவிய பின்னரே பாவைத் தொட வேண்டும். வேலை நடக்கும் தறிக்கு வாரத்திற்கு ஒருமுறை போதும். மழைக்காலத்தில் நிறுத்திவைத்த தறிக்கும் அதனைத் தவறாது செய்க.

கடல்நீர் புகுந்தால்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடலோரச் சிற்றூர்களுள் புகுந்ததை நாம் மறப்பதற்கில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோதும் இப்பகுதி பாதிக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில் நனைந்த கருவிகளுக்கு உடனே எண்ணெய் இடத் தோன்றும். அது பிழை. எண்ணெய்ப் படலம் உப்பை உள்ளேயே அடைத்து வைக்கும். துரு அடியில் தொடர்ந்து வளரும். முதலில் நல்ல நீரில் பலமுறை கழுவி உப்பை நீக்க வேண்டும், பின்னர் நீரை விலக்கும் திரவம் தெளித்து உலர்த்த வேண்டும், இறுதியிலேயே எண்ணெய். உப்பை நீக்க நீர், நீரை நீக்கத் திரவம், துருவைத் தடுக்க எண்ணெய் என்னும் வரிசை மாறலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

நல்ல எண்ணெய்க்கு விலை மிகுதி என்பதே பலர் கூறும் தடை. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 துளி எனக் கொள்க. ஒரு தறிக்கு வாரம் 8 துளி இட்டாலும் ஆண்டுக்கு 416 துளி. அஃதாவது 21 மில்லிலிட்டர். ஆகவே ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 47 தறிகளுக்கு ஓராண்டுக்குப் போதும். ஒருவர் தனித்து வாங்கின் குப்பியின் விலையும் சேர்ந்து சுமையாகும். சங்கம் ஒரு லிட்டர் வாங்கி, 50 மில்லிலிட்டர் வீதம் 20 சிறு குப்பிகளில் பகிர்ந்தளித்தால் ஒருவர் பங்கு மிகச் சிறியது. இரண்டு தறி உடையார்க்கு ஒரு குப்பி ஓராண்டைக் கடக்கும். உழவர்களும் தம் ஸ்பானருக்கு அதே குப்பியைப் பயன்படுத்தலாம். சங்கிலிக் கப்பியைச் சங்கமே பொதுவில் வைத்திருந்து ஆண்டுதோறும் சோதித்துக் கொடுப்பதும் சாலச் சிறந்தது.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலையே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். படமரத்தின் நாக்கை விரலால் தூக்கி விடுங்கள். அது தயங்காமல் பள்ளத்தின் அடிவரை விழுகின்றதா? விழுந்தால் தறி நலமாக இருக்கின்றது. தயங்கினால் பழைய பசையைத் துடைத்து, இரண்டு துளி வெள்ளை எண்ணெய் இடுங்கள். கூலியும் துணியும் கையும் ஒருங்கே காப்பாற்றப்படும்.